இரவுக் காவலும் காமிராவும்



இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கும் மலைகளின்மேல், சக்குபள்ளம் என்னும் ஊர் இருக்கிறது. குமுளியிலிருந்து அணக்கரை, புற்றடி, வண்டன்மேடு என்று மலைப்பாதையில் சென்றவர்கள் அந்தப் பகுதியின் ஏலத் தோட்டங்களைக் கண்டிருப்பார்கள். அங்கே ஏலம் என்ற சொல் இரு பொருள் படும். விளைவதும் ஏலம், அதை விற்பதும் ஏலம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புற்றடியில் நடந்த விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாய் வரையில் விலை போயிற்று. அவ்வளவு விலை என்றும் நிற்பதில்லை என்றாலும், ஒரு மனிதன் தோளில் சுமந்து செல்லக்கூடிய ஒரே ஒரு மூட்டை, ஒரு குடும்பத்தின் பல மாத வருவாய்க்கு ஈடாக இருக்கும் விளைபொருள் இது. ஆதலால் காயை உலர்த்திச் சேர்த்து வைக்கும் கட்டடத்துக்குக் காவல் வேண்டியிருக்கிறது. முன்பு நாயும் காவற்காரரும் இருந்தனர். இப்போது அவர்களோடு காமிராவும் வந்து சேர்ந்திருக்கிறது.

அத்தகைய ஒரு காமிராவினால் நேர்ந்த ஒரு வருத்தத்திலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

என் நண்பர் ஒருவருக்கு அப்பகுதியில் சிறு தோட்டம் உண்டு. ஆவணி மாதத்தில், மூடுபனி கவிந்த ஓர் இரவில், அவருடைய ஸ்டோரிலிருந்து இரண்டு மூட்டை காய் களவு போயிற்று. காமிரா வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் காலை படத்தைப் போட்டுப் பார்த்தபோது, பனிப்புகைக்கு நடுவே வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் உருவம் கதவருகே நின்று பின் மறைவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. ஆயினும் பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு முகம் தெரிந்துவிட்டது! கம்பம் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி வேலைக்கு வரும் ஒரு பெரியவரிடம் வெள்ளைச் சட்டை உண்டு. உயரமும் ஏறத்தாழப் பொருந்தியது. வேறென்ன வேண்டும்? அவரை அழைத்துக் கேட்டார்கள். "முதலாளி, என்னிடம் வெள்ளைச் சட்டை இருப்பது மெய்தான். இந்த மலையில் வெள்ளைச் சட்டை இல்லாதவர் யார்?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பத்து நாள் வேலைக்கு வரவில்லை. பிறகுதான், அன்றிரவு அவர் கம்பத்தில் ஒரு திருமண வீட்டில் பந்தியில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார் என்பது பலர் வாயிலாகத் தெரிய வந்தது.

அடுத்த வாரம் நான் அங்கே சென்றிருந்தேன். நண்பரைக் கறுப்பு நிறப் பாலியஸ்டர் சட்டை ஒன்றை அணியச் செய்து, இரவில் அதே கதவருகே நிற்க வைத்துப் படம் எடுத்தோம். திரையில் அவர் தும்பைப்பூப் போன்ற வெள்ளைச் சட்டையோடு காட்சி தந்தார்! அவர் அன்று அடைந்த வெட்கத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. காமிரா பொய் சொல்லவில்லை. அது சொன்னது இன்னது என்று படிக்க நமக்குத் தெரியவில்லை. அதற்கும் முன்பாக, எதைச் சொல்வதற்காக அதை அங்கே வைத்தோம் என்பதையே நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

லென்ஸ் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் வீட்டுக் காமிராக்களின்மேல் 2.8 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர், 6, 8, 12 என்று ஓர் எண் பொறித்திருக்கும். இது லென்ஸின் குவியத் தூரம். எண் சிறியதாயின் காட்சி அகலும். பெரியதாயின் காட்சி குறுகிப் பொருள் பெரிதாகும். இதைக் கணக்கிடுவதற்குப் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கே போதும். இவ்வகைக் காமிராக்களில் பெரும்பாலானவற்றில் லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லின் அகலம் சுமார் 5.4 மில்லிமீட்டர். இதைத் தூரத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், அத்தூரத்தில் காமிரா எத்தனை மீட்டர் அகலத்தைக் காண்கிறது என்பது கிடைத்துவிடும். 10 மீட்டர் தூரத்தில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் 19 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலத்தைக் காணும். 4 மில்லிமீட்டர் லென்ஸ் பதின்மூன்றரை மீட்டரைக் காணும். 8 மில்லிமீட்டர் ஏழு மீட்டருக்கும் குறைவாகவே காணும்.

அகலமாகக் காண்பதே நல்லது என்று வாங்குவோர் எண்ணுகிறார்கள். விற்போரும் அவ்வாறே சொல்கிறார்கள். முற்றம், கிணறு, மாட்டுத்தொழுவம், படலை எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும் அல்லவா? அடங்கும். ஆனால் படம் என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள புள்ளிகளின் கூட்டமே. குறுக்குவாட்டில் 1920 புள்ளிகள் உள்ள காமிராவாயின், அந்த 1920 புள்ளிகளையும் அது காணும் அகலம் முழுவதற்கும் பங்கிட்டாக வேண்டும். பந்தியில் ஆள் கூடக் கூட இலைக்கு விழும் சோறு குறைவது போன்றதே இதுவும். அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த 62676 என்னும் தர விதியின் நான்காம் பகுதி இதற்கு ஓர் அளவு சொல்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளிகள் இருந்தால், யாரோ ஒருவர் இருக்கிறார் என்று கண்டுகொள்ளலாம். 125 புள்ளிகள் இருந்தால், முன்பே அறிந்தவரை இன்னார் எனச் சொல்லலாம். முன்பின் அறியாத ஒருவரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண 250 புள்ளிகள் வேண்டும்.

என் நண்பரின் காமிரா வீட்டின் இறவாரத்தில் இருந்தது. அதிலிருந்து ஸ்டோரின் கதவு 15 மீட்டர். லென்ஸ் 2.8 மில்லிமீட்டர். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அத்தூரத்தில் அது ஏறத்தாழ 29 மீட்டர் அகலத்தைக் காண்கிறது. மீட்டருக்கு விழுந்த புள்ளிகள் 66. ஒரு மனித முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்த முகத்துக்குக் கிடைத்தவை பத்துப் புள்ளிகள். பத்துப் புள்ளியில் வரைந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் மானத்தை எடை போட்டிருக்கிறோம்! அதே இடத்தில் 12 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்திருந்தால் காட்சியின் அகலம் ஏழு மீட்டருக்குள் அடங்கி, மீட்டருக்கு 280 புள்ளிகளுக்குமேல் விழுந்திருக்கும். முகத்துக்கு நாற்பத்தைந்து.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் நாடாவை எடுத்துக்கொண்டு தூரத்தை அளந்துவிடுங்கள். 1920 புள்ளிக் காமிராவுக்கு, முகத்தை அடையாளம் காணக்கூடிய எல்லை 2.8 மில்லிமீட்டரில் சுமார் 4 மீட்டர்; 4 மில்லிமீட்டரில் ஐந்தரை மீட்டர்; 6 மில்லிமீட்டரில் எட்டரை; 8 மில்லிமீட்டரில் 11; 12 மில்லிமீட்டரில் 17. என்னுடைய கருத்து, ஒரே காமிராவிடம் இரு வேலைகளையும் கேட்கக் கூடாது என்பதே. முற்றம் முழுவதையும் காண ஓர் அகன்ற கண்ணும், கதவை மட்டும் காண ஒரு குறுகிய கண்ணும் வைப்பது நலம். குவியத் தூரத்தை 2.8 முதல் 12 வரையில் மாற்றி அமைத்துக்கொள்ளத்தக்க லென்ஸும் கிடைக்கிறது. விலை கூடுதல் ஆனாலும், தூரத்தை முன்கூட்டித் தீர்மானிக்க இயலாத இடங்களுக்கு அதுவே ஏற்றது. புள்ளிகள் மிகுதியாக உள்ள காமிராவை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். பகலில் போதும். சில்லின் அளவு மாறாமல் புள்ளிகளை மட்டும் பெருக்கினால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துவிடுகிறது. சிறிய புள்ளி வாங்கும் ஒளியும் குறைவு. இரவில் அதன் பயன் தேய்ந்துபோகும்.

லென்ஸின் துவார அளவு என்று இன்னோர் எண்ணும் உண்டு. எஃப் 1.6, எஃப் 2.0 என்பன போல எழுதியிருப்பார்கள். இங்கே சிறிய எண்ணே மேலானது. எஃப் 1.6 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். இது ஏன் முக்கியம்? ஒளி குறைந்தால் காமிரா ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் கண் திறந்திருக்கும். ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் அது திறந்திருந்தால், நடந்து செல்பவர் அதற்குள் சுமார் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகம் கோடாக இழுபட்டுப் போகும். நிற்கும் தூண் தெளிவாகவும், நடக்கும் மனிதன் ஆவியைப் போலவும் தோன்றுவதன் காரணம் இதுதான். காமிராவை உயரத்தில் மாட்டுவதும் ஒரு பிழை. மழை மலையில் பிளாஸ்டிக் தாளையோ கோணியையோ தலைக்குமேல் போட்டுக்கொள்ளாமல் யார் நடப்பார்? நான்கு மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தாள்தான் தெரியும். கதவைக் காணும் காமிரா இரண்டரை மீட்டருக்குமேல் போக வேண்டியதில்லை.

இனி ஒளிக்கு வருவோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானி உயர்ந்தது. அங்கே விழுந்த காணா ஒளியைத்தான் அகச்சிவப்பு என்கிறோம். நம் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைக் காணும். காமிராவின் சிலிக்கான் சில்லோ 1000 நானோமீட்டருக்கு அப்பாலும் சிறிது காணும். பகலில் இது நிறத்தைக் கெடுக்கும் ஆகையால் சில்லின் முன் ஒரு வடிகட்டி நிற்கிறது. அந்தி மயங்கியதும் அவ்வடிகட்டி விலகிக்கொள்கிறது. அருகில் நின்றால் 'டிக்' என்று ஓசை கேட்கும். அந்தக் கணத்திலிருந்து படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடுகிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அகச்சிவப்பு, கண்காணும் ஒளி குவியும் இடத்திலேயே குவிவதில்லை. ஆதலால் பகலில் கூர்மையாக உள்ள மலிவான லென்ஸ் இரவில் மங்கலாகலாம். அகச்சிவப்புக்கும் திருத்தம் செய்யப்பட்ட லென்ஸா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றியமைக்கும் லென்ஸாயின் கூர்மையை இரவில் பார்த்துச் சரி செய்யுங்கள்.

இந்தக் காணா ஒளியின் உலகம் நம் உலகம் அன்று. அதில் இலைகள் வெண்மையாக ஒளிரும். ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க அறிஞர் 1910இல் வெளியிட்ட படங்களில் மரங்கள் பனி மூடியவை போல் நின்றன. பச்சையம் அகச்சிவப்பை விழுங்குவதில்லை. இலையின் உள்ளமைப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஏலச்செடிகள் சூழ்ந்த ஸ்டோரில் இது பெரிய தொல்லை. காமிராவுக்கு முன் ஒரு தோகை நீண்டு நின்றால் அது கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகி, காமிரா ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் நிற்கும் மனிதன் இருண்டுபோவான். துணியின் கதையை முன்பே சொன்னேன். பல சாயங்கள் கண்ணுக்குக் கறுப்பாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புபவை. உடலின் நிறமும் அப்படியே. மேனியைக் கறுப்பாக்கும் மெலனின் அகச்சிவப்பைக் குறைவாகவே விழுங்குகிறது. ஆகவே கரிய மேனியும் வெளிறித்தான் தெரியும். இரவுப் படத்தைப் பார்த்து "வெள்ளைச் சட்டைக்காரன்", "சிவந்த ஆள்" என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நடை, உருவ அளவு, முகத்தின் வடிவு இவற்றைச் சொல்லலாம். அதுவும் புள்ளிகள் போதுமாயின்.

அகச்சிவப்பு விளக்குகள் இரு வகையாக விற்கின்றன. 850 நானோமீட்டர் விளக்கு அருகில் பார்த்தால் தணல் போல மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு சற்றும் தெரியாது. ஆனால் அந்த அலைநீளத்தில் சில்லின் பார்வை குறைவு ஆகையால் எட்டும் தூரமும் வெகுவாகக் குறையும். திருடனுக்குத் தெரியக் கூடாது என்று பலர் இரண்டாவதை நாடுகிறார்கள். வீட்டுக்காவலுக்கு அது வேண்டியதில்லை என்பேன். வருபவன் தணலைக் கண்டு திரும்பிப் போனால் யாருக்கு நட்டம்?

காமிராக்குள்ளேயே வளையமாகப் பதித்த விளக்குகள்தாம் பெரும்பாலும் வருகின்றன. "30 மீட்டர் இரவுப் பார்வை" என்று பெட்டியில் எழுதியிருக்கும். அது தெளிந்த வானத்தின்கீழ் ஏதோ ஓர் உருவம் தெரியும் தூரம். சக்குபள்ளம் போன்ற ஊரில், மழைக்காலத்து இரவில், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மூடுபனி என்பது மிதக்கும் நீர்த்துளிகள். அத்துளிகள் அகச்சிவப்பின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆதலால் கண்காணும் ஒளியைப் போலவே இதையும் அவை சிதறடிக்கின்றன. அகச்சிவப்பு பனியைத் துளைத்துச் செல்லும் என்று சிலர் சொல்வது, வெப்பத்தைக் காணும் வேறு வகைக் காமிராவைப் பற்றிக் கேட்டதை இதற்குப் பொருத்திக்கொண்டதாக இருக்கலாம். விளக்கும் லென்ஸும் ஒரே இடத்தில் இருந்தால், அருகிலுள்ள துளிகள் பெற்ற ஒளி நேரே லென்ஸுக்கே திரும்பி வந்து, படம் முழுவதும் பால் ஊற்றியது போல் ஆகிவிடும். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுபவர்கள் இதை அறிவார்கள். பனியில் மேல்விளக்கைப் போட்டால் எதிரே வெண்சுவர் எழும்பும். தணித்தால் பாதை தெரியும். பனி விளக்கை ஓட்டுபவரின் கண்ணுக்கு வெகு கீழே பொருத்துவதும் இதற்காகவே.

ஆகையால் காமிராவில் உள்ள விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைக் காண வேண்டிய இடத்துக்கு அருகே வைப்பதே இம்மலைகளுக்கு ஏற்ற முறை. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது. விளக்கு 16 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு நெருங்கினால் கதவில் விழும் ஒளி பதினாறு மடங்கு. பனியின் ஊடே ஒளி போக வேண்டிய வழியும் குறைகிறது. விளக்கின் கோணத்தை, லென்ஸின் கோணத்தைப் பார்த்தல்ல, விளக்கு நிற்கும் தூரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4 மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் அகலத்தை நனைக்க 90 பாகை விளக்கு தேவை. அது லென்ஸை நோக்கியிருக்கக் கூடாது. சக்தி மிக்க விளக்கை அருகில் நின்று உற்று நோக்கவும் கூடாது. ஒளி தெரியாததனால் கண் தானாக மூடிக்கொள்ளாது. விளக்கு எரிகிறதா என்று அறிய வேண்டுமானால் கைப்பேசியின் காமிரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஊதா நிறமாகத் தெரிந்துவிடும்.

தனி விளக்கினால் வேறொரு நன்மையும் உண்டு. விளக்கின் ஒளியும் கதகதப்பும் பூச்சிகளை ஈர்க்கின்றன. பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. லென்ஸின் முன் கட்டிய ஒரே இழை, இரவில் கயிறு போல ஒளிர்ந்து காட்சியை மறைக்கிறது. விளக்கு அப்பால் போனால் சிலந்தியும் பெரும்பாலும் அப்பால் போகும். அரைக்கோளக் கண்ணாடி மூடியுள்ள காமிராவை வெளியில் மாட்ட வேண்டாம். அதன்மேல் பனி படிந்தால் உள்விளக்கின் ஒளி மூடியிலேயே பட்டுத் திரும்பும்.

சாதாரண வெள்ளை விளக்கு ஒன்றை, ஆள் நடமாட்டம் கண்டால் எரியுமாறு கதவின்மேல் வைப்பது பற்றியும் யோசிக்கலாம். அப்போது நிறம் நிறமாகவே தெரியும். கறுப்புச் சட்டை கறுப்பாகவே இருக்கும். அண்டை வீட்டார் உறக்கத்துக்கு இடையூறு இல்லாத இடமாயின் நான் இதையே முதலில் சொல்வேன்.

காமிராவைத் திருப்பும் திசையிலும் கவனம் வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வாசலும், குளிக்கும் இடமும், பக்கத்து வீட்டு முற்றமும் நம் காவலுக்கு உட்பட்டவை அல்ல. தனிமை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காமிராவின் கடிகாரத்தையும் சரி பார்த்து வையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி இத்தகைய பதிவைச் சான்றிதழோடு நீதிமன்றத்தில் வைக்கலாம். மணி தவறிய படம் அங்கே குழப்பத்தையே உண்டாக்கும்.

என் நண்பர் இப்போது கதவுக்கென்று 12 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட காமிரா ஒன்றைத் தாழ வைத்திருக்கிறார். பழைய 2.8 முற்றத்தைப் பார்க்கிறது. அகச்சிவப்பு விளக்கு, கதவுக்கு நான்கு மீட்டர் தள்ளி, தொழுவத்தின் தூணில் இருக்கிறது. அதைப் பொருத்திய அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சோதனைக்காகக் கதவு வரை நடந்து காட்டியவர், பத்து நாள் வராதிருந்த அதே பெரியவர்தான். நண்பர் கம்பத்துக்குச் சென்று அவரை நேரில் கண்டு பேசி அழைத்து வந்திருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. பெரியவர் விரித்துப் பிடித்திருந்த கறுப்புக் குடை திரையில் வெள்ளைக் குடையாக நகர்ந்து வந்தது. குடையின்கீழ் அவர் முகம், மேல்வாய்ப் பல்லில் ஒன்று இல்லாதது உட்பட, தெளிவாக இருந்தது. அவர் வந்து திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, விளக்கை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கினால் குடை பிடித்தவர் முகத்தில் நிழல் விழாது என்றார். அவ்வாறே இறக்கினோம்.